இயலாமைக்கு ஒரு சான்றிதழ்

வாணியம்பாடி, ஆம்பூர், ஆலங்காயம் ஆகிய ஊர்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஜவ்வாது மலை அந்நியமானதன்று. தோல் பதனிடும் தொழில் கடுக்காயையும் ஆவாரம்பட்டையையும் நம்பியிருந்த நாட்களில் நம் பாட்டனார்கள் அம்மலை மக்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தனர். பதனிடும் முறை மாறிவிட்ட போதிலும் புளியும் தேனும் பலாவும் சாமையும் மலையிலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. புளி கொள்முதலுக்காகச் சென்ற நண்பர் ஒருவருடன் நாமும் ஒருமுறை ஜமுனாமரத்தூர் வரை போய்வந்தோம். அங்கே ஒருவர் நம்மிடம் கேட்ட வினாவுக்கு அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவர் ஐம்பதைக் கடந்தவர், மலையாளிப் பழங்குடியினர். (மலையாளி என்பது இங்கே கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. இம்மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும், தமிழ் பேசும் பழங்குடி மக்களின் பெயர் அது.) இளமையில் புளியமரத்திலிருந்து வீழ்ந்ததில் அவருக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது, ஒரு தோள் மேலே எழாது. அரசு மாதந்தோறும் வழங்கும் உதவித்தொகையைப் பெற்று வந்தார். அத்துடன் அண்டை வீட்டாரின் ஆடுகள் நான்கைந்தை மேய்த்துக் கொடுத்து, அதற்கெனச் சிறிது கூலியும் பெற்று வந்தார். ஆய்வுக்கு வந்த ஒருவர், என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டபோது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். தொகை நின்றுபோயிற்று. எட்டு மாதம் மலைக்கும் கீழுக்குமாக அலைந்த பிறகே அது மீண்டும் வந்தது. அடுத்த முறை ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டவுடன், மேய்ச்சல் கோலைப் பட்டிக்குப் பின்னே எறிந்துவிட்டுத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டாராம்.

“சும்மாத்தான் படுத்துக் கெடக்கறேன்னு சொல்லிட்டேன் பாய். நான் செஞ்சது தப்பா?”

நண்பர் தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் ஏதோ சொல்லி மழுப்பினோம்.

பொய் தவறுதான் என்று சொல்வதற்குப் பெரிய கல்வி வேண்டியதில்லை. ஆனால் அந்த மனிதர் கேட்டது அதை மட்டுமன்று என்று மலையிறங்கும்போது நமக்குத் தோன்றிற்று. முதல்முறை மெய் சொன்னார், தண்டனை கிடைத்தது. இரண்டாம் முறை பொய் சொன்னார், உணவு கிடைத்தது. மெய்யைத் தண்டித்துப் பொய்க்குப் பரிசளிக்கும் ஓர் ஏற்பாட்டுக்குள் ஏழை ஒருவன் நிறுத்தப்படுவானாயின், அந்தப் பொய்யின் சுமை முழுவதும் அவன் தலையில் மட்டுமா ஏறும்?

இதற்கு விடை தேடுமுன் அந்த ஏற்பாட்டைச் சற்று நியாயமாக நோக்குதல் வேண்டும். அது கொடியவர்கள் கூடி அமைத்ததன்று. தமிழகத்தில் ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை 1962-ஆம் ஆண்டிலும், உடற்குறையுடைய ஆதரவற்றோருக்கான தொகை 1974-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. இந்தியாவின் பல மாநிலங்கள் இதைப் பற்றி நினைத்தும் பாராத காலம் அது. நாடு முழுமைக்குமான சட்டம் 1995-இல்தான் வந்தது. அது ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஐக்கிய நாடுகள் மன்றத்தின் 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா அடுத்த ஆண்டே ஏற்றது. அதன் வழிவந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வகைகளை இருபத்தொன்றாக விரித்தது. ‘ஊனமுற்றோர்’ என்ற சொல் அரசு ஏடுகளிலிருந்து விலகி, ‘மாற்றுத் திறனாளிகள்’ என்ற சொல் வந்ததும் தமிழகம் செய்த நற்செயல்களுள் ஒன்று. தொகையும் உயர்ந்தே வந்திருக்கிறது. வருவாய்த் துறை வழியாக வழங்கப்படுவது 2011-இல் 1,000 ரூபாயாகவும், 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயாகவும் ஆயிற்று. கடும் பாதிப்புக்கு ஆளானோருக்கும் தொழுநோயால் பாதிக்கப்பட்டோருக்கும் தனித் துறை வழங்கும் பராமரிப்புத் தொகை 2,000 ரூபாயாக உயர்ந்தது. மைய அரசு தன் பங்காக 2012-இல் நிர்ணயித்த 300 ரூபாய் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அசையவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

சொல் மாறிவிட்டது, தொகையும் மாறிற்று. மாறாதது ஒன்று உண்டு. பெறுகிறவர் தம் இயலாமையை மெய்ப்பிக்க வேண்டும். ஒருமுறை மெய்ப்பித்தால் போதாது. மெய்ப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மெய்ப்பிக்கும் முறை விழுக்காடு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது நாற்பது விழுக்காடு என்று எல்லைக்கோடு வரைகிறது. பராமரிப்புத் தொகையில் கை கால் இயக்கம் கடுமையாகக் குன்றியவர்களுக்கு எழுபத்தைந்து. மைய அரசின் ஓய்வூதியத்துக்கோ எண்பது. ஆக, ஒரே மனிதர் ஒரு மேசையில் மாற்றுத் திறனாளி. அடுத்த மேசையில் அல்லர். ஒரு கண் முற்றிலும் பார்வையிழந்து மறு கண் நன்றாக இருந்தால் அரசு விதிப்படி அது முப்பது விழுக்காடு. நாற்பதை அது எட்டாது. நகரத்தில் நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதுகிறவருக்கு அந்த முப்பது சரியான அளவாக இருக்கலாம். கொம்பு கொம்பாகத் தாவித் தேனடை எடுக்கிறவருக்குத் தொலைவை மதிப்பிடும் திறனே உயிர். அவருக்கும் அதே முப்பதுதான்.

இரு குறைகள் உடையவர் நிலை இன்னும் விந்தையானது. அவற்றை நேராகக் கூட்டுவதில்லை. அதற்கென ஒரு வாய்பாடு உண்டு. பெரிய குறையைத் தொண்ணூறிலிருந்து கழித்து, மிச்சத்தால் சிறிய குறையைப் பெருக்கி, தொண்ணூறால் வகுத்து, பின் பெரியதோடு கூட்டுவர். கால் முப்பது, தோள் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். பள்ளிப் பிள்ளை கூட்டினால் நாற்பத்திரண்டு. வாய்பாடு கூட்டினால் முப்பத்தெட்டு. இதிலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை; மூன்று நான்கு குறைகளை நேராகக் கூட்டிக்கொண்டே போனால் நூறைத் தாண்டிவிடும் அன்றோ? எனினும், தமக்கு ஏன் இரண்டு குறைந்தது என்பதை அந்த மலைவாசிக்கு எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? ஒருவர் வாழ்வை நிர்ணயிக்கும் கணக்கு அவருக்கே விளங்காத மொழியில் இருக்கலாமா?

இந்த மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதை 1977 மார்ச் மாதத்தில் கண்டறிந்த நோக்கீடுகளில் காவலூருக்கும் பங்குண்டு. வேணு பாப்பு பெயரால் வழங்கும் பெரிய தொலைநோக்கி 1986 முதல் அங்கே விண்ணை அளந்துகொண்டிருக்கிறது. அளக்கும் கலையில் நமக்குக் குறையில்லை. அளவுகோலைத் தன்னை நோக்கித் திருப்பினால் வெட்கப்படக்கூடிய மனம் கோளுக்கில்லை. மனிதனுக்கு இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

சான்றிதழ் பெறும் வழியையும் பார்ப்போம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். மருத்துவக் குழு கூடுவது பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில். மலையிலேயே முகாம் நடத்துவதும் உண்டு. அன்று தவறினால் அடுத்த முகாமுக்குக் காத்திருக்க வேண்டும். நடக்க இயலாதவர் தம்மால் நடக்க இயலாது என்று காட்டுவதற்காக முதலில் நடக்க வேண்டியிருக்கிறது! அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில், 2023 மே மாதத்தில், பாம்பு தீண்டி இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைச் சாலையில்லாத காரணத்தால் தாயே சுமந்துகொண்டு மலையேறிய செய்தியை நாம் மறந்திருக்க மாட்டோம். உயிர் காக்கும் ஊர்தியே ஏற முடியாத குக்கிராமங்களிலிருந்து ஒரு முத்திரைக்காக இறங்கிவர வேண்டியவர்களை எண்ணிப் பாருங்கள். உலக வங்கியின் துணையோடு தமிழக அரசு தொடங்கியுள்ள ‘உரிமைகள்’ திட்டம், மறுவாழ்வுச் சேவைகளை வட்டாரங்களுக்கும் வீட்டு வாசலுக்கும் கொண்டு செல்வதையே நோக்கமாகக் கொண்டது. அந்த நோக்கம் முழுமை பெறட்டும். அதன் பெயரும் நமக்கு மிகப் பிடித்திருக்கிறது.

பெற்ற பிறகு காத்துக்கொள்வது தனிப் போராட்டம். நோய் மாறக்கூடியது என்று கருதப்பட்டால் சான்றிதழுக்குக் கால எல்லை உண்டு. ஆண்டுதோறும் உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டும். விரல் ரேகை பதிய வேண்டும். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் அறிவதில்லை. தொழுநோயில் விரலையே இழந்தவர் எதைப் பதிப்பார்? அங்கீகாரம் தோற்றுப்போனது என்ற காரணத்துக்காக மட்டும் எவருக்கும் உதவி மறுக்கப்படலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டின் ஆதார் தீர்ப்பிலேயே கூறிவிட்டது. தீர்ப்பு தில்லியிலிருந்து மலைக்கு ஏறிவர நாளாகும் போலும்.

இனி மறுபக்கம். பொதுப்பணம் மக்கள் பணம். பொய்யர் உள்ளே நுழைந்தால் மெய்யர் பங்கு குறையும். 2024-இல், குடிமைப் பணிப் பயிற்சியிலிருந்த ஒருவர் மாற்றுத் திறனாளிச் சலுகையைப் பொய்யாகப் பெற்றார் என்று எழுந்த குற்றச்சாட்டு நாடெங்கும் பேசப்பட்டது. அச்செய்தியால் மிகவும் மனம் நொந்தவர்கள் உண்மையான மாற்றுத் திறனாளிகளே. ஏனெனில் மறுநாள் முதல் ஐயப்பார்வை அவர்கள் மீதே விழுந்தது. ஒரே நாளில் பலரை ஆராய வேண்டிய மருத்துவரும், மேலிருந்து கணக்குக் கேட்கப்படும் அலுவலரும் மனிதர்களே. ஆய்வே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. இரண்டு வகைத் தவறுகள் நேரக்கூடும்: தகுதியற்றவருக்குக் கொடுத்துவிடுவது ஒன்று, தகுதியுடையவருக்கு மறுத்துவிடுவது மற்றொன்று. ஒன்றைக் குறைக்க முற்பட்டால் மற்றது கூடும். எதைப் பொறுத்துக்கொள்வது என்பதில்தான் ஒரு சமுதாயத்தின் மனம் வெளிப்படுகிறது.

இங்கிலாந்து 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தில் முதல் தவறுக்கே அஞ்சியது. உதவி பெறுகிறவனின் நிலை, உழைக்கிறவர்களுள் மிகத் தாழ்ந்தவனின் நிலையைவிடத் தாழ்ந்ததாகவே இருக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. அதன் விளைவுதான் கணவன் மனைவியரைப் பிரித்து அடைத்த ஏழையர் விடுதிகள். அந்தச் சட்டம் மறைந்தது. அந்த அச்சம் உலகெங்கும் அலுவலக மேசைகளில் இன்னும் இருக்கிறது.

நம் மார்க்க மரபு எதற்கு அஞ்சியது? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒருவர் இரவில் தர்மம் செய்கிறார். அது திருடன் கையில் சேர்ந்துவிடுகிறது. மறுநாள் கொடுத்தது ஒழுக்கம் தவறிய பெண்ணிடமும், அதற்கு மறுநாள் கொடுத்தது செல்வனிடமும் சேர்கின்றன. ஊரார் பேசுகிறார்கள். ஆனால் அவருடைய தர்மம் வீணாகவில்லை என்றும், பெற்றவர்கள் அதனாலேயே திருந்தக்கூடும் என்றும் அவருக்கு அறிவிக்கப்படுகிறது. தவறான கைக்குப் போய்விட்ட ஒரு நாணயத்தைப் பேரழிவாகக் கருதாத மனநிலை இது.

உடைமையைப் பற்றிய சிந்தனை இன்னும் நுட்பமானது. ‘மிஸ்கீன்’ என்பவர் யார் என்று ஆராய்ந்த ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள், திருக்குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயத்தைச் சான்று காட்டினர். கடலில் உழைத்துப் பிழைத்த அந்த ஏழைகளுக்குச் சொந்தமாக ஒரு மரக்கலம் இருந்தது. இருந்தும் இறைமறை அவர்களை ஏழைகள் என்றே அழைக்கிறது. ஆகவே ஏதோ ஒன்று கையில் இருப்பதால் மட்டும் ஒருவன் வறியவனல்லன் என்று ஆகிவிடாது. அது அவனுக்குப் போதுமானதா என்பதே வினா. வீடும் உடையும், ஏன், கற்பவனுக்குத் தேவையான நூல்களும்கூட ஒருவரை ஜகாத்துக்குத் தகுதியற்றவராக்கமாட்டா என்று இமாம் கஸ்ஸாலி எழுதினார்கள். மரக்கலம் வைத்திருந்தவரே ஏழையாக இருக்கக்கூடுமாயின், பிறர் ஆடு நான்கை மேய்ப்பவர் எம்மாத்திரம்?

இரவாமல் மானத்தோடு இருப்போரை அறியாதவன் செல்வர் என்றே எண்ணிவிடுவான் என்னும் எச்சரிக்கையும் இறைமறையில் உண்டு. ஆய்வு நாளன்று துவைத்த வேட்டியை உடுத்திச் செல்கிறவர் இப்படித்தான் தவறாகக் கணிக்கப்படுகிறார். கந்தலோடு வருகிறவர் விழுக்காடு பெறுகிறார். கண்ணியத்தோடு வருகிறவர் இழக்கிறார்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள், வாசலில் இரந்து நின்ற பார்வையற்ற யூத முதியவர் ஒருவரைக் கண்ட வரலாற்றை அபூ யூசுஃப் தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிந்திருக்கிறார். உன்னை இந்நிலைக்கு ஆளாக்கியது எது என்று கேட்டார்கள். வரியும் தேவையும் முதுமையும் என்று விடை வந்தது. கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்று கொடுத்துவிட்டு, பைத்துல்மால் பொறுப்பாளருக்கு ஆணை அனுப்பினார்கள், வரியும் நீங்கிற்று. அந்த முதியவரின் இளமை உழைப்பால் நாடு பயனடைந்தது என்பதே அவர்கள் காட்டிய காரணம். உமையா ஆட்சியாளர் வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சிக்காலம் 705–715) தொழுநோயாளருக்குத் தொகை ஒதுக்கி அவர்கள் இரப்பதை நிறுத்தியதையும், நடக்க இயலாதவருக்குப் பணியாளும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியும் அமர்த்தியதையும் தபரீயின் வரலாறு குறிக்கிறது.

இவற்றினும் நம் மலைவாசியின் வினாவுக்கு நெருக்கமானது அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வாழ்வு. பார்வையற்றவர். பள்ளிக்கு அழைத்துவர ஆளில்லை என்று குறைப்பட்டதுண்டு. அதே மனிதர் பாங்கு சொன்னார். அண்ணலார் மதீனாவை விட்டு வெளியே சென்றபோதெல்லாம் பலமுறை நகரின் பொறுப்பு அவரிடமே இருந்தது. துணை தேவைப்படுவதும் திறன் உடைமையும் ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும். பள்ளி வரை ஒரு கை வேண்டும். நகரை நடத்தவும் தெரியும்.

நம் காலத்து ஏற்பாடு இதைத்தான் ஏற்க மறுக்கிறது. இயலாமையும் தேவையும் ஒன்றே என்று அது எண்ணுகிறது. ஒருவர் சிறிது இயன்றவராகிவிட்டால் அவர் தேவையற்றவராகிவிட்டார் என்று முடிவு கட்டுகிறது. 1,500 ரூபாயில் ஒரு குடும்பம் ஒரு மாதம் வாழ முடியாது என்பதை அதை வழங்குகிறவர்களும் அறிவர். வாழ முடியாத தொகையைக் கொடுத்துவிட்டு, வேறு வழியில் பிழைக்க முயலாதே என்று சொல்வது முறையாகுமா? ஆடு மேய்க்கும் கோல், குட்டையான காலை நீட்டிவிடாது. உழைப்பவன் கையில் உதவியும் இருந்தால் நாளை அவன் இன்னும் இரண்டு ஆடு வாங்குவான். அஞ்ச வேண்டிய செய்தியா இது?

அலுவலகங்களைக் குறை கூறும் நாம் நம் முற்றங்களையும் பார்க்க வேண்டும். ரமலானில் ஜகாத்து வழங்குவதாகச் சொல்லி, வெயிலில் பெண்களை வரிசையில் நிறுத்துகிறோமே, அது எந்த நூலில் இருக்கிறது? தையல் இயந்திரத்தையும் சக்கர நாற்காலியையும் கொடுக்கும்போது பெறுகிறவர் முகத்தைப் படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறோமே! ‘அவர் மகன் வெளிநாட்டில் இருக்கிறானே’ என்று சொல்லி, மகன் கைவிட்ட முதியவரின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்த கமிட்டிகளை நாம் அறிவோம். முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் 1939 முதல் தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது. 2019-இல்தான் நாடாளுமன்றம் அதையும், பிற சமயத்தாரின் திருமணச் சட்டங்களில் இருந்த அதே பிரிவையும் நீக்கிற்று. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981-இலேயே பரிந்துரைத்துவிட்டது. நோய் குணமாகத் தொடங்கிய பின்னும் ஏட்டில் அந்த இழுக்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தது. நீக்கக் கோரி எழுந்த குரல்களில் நம் குரல் எத்தனை?

மலைவாசியின் வினாவுக்கு இப்போது என்ன விடை சொல்வோம்? நீங்கள் சொன்னது பொய்தான் என்று சொல்வோம்; அவரும் அதை அறிவார், அறியாதவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் உங்களுக்குக் கிடைக்க வேண்டியதைத்தான் பெற்றீர்கள், பிறர் பொருளை அன்று என்றும் சொல்வோம். மெய் சொன்ன அன்று உங்களுக்கு மறுக்கப்பட்ட எட்டு மாதத் தொகை இன்னும் உங்களுக்குச் சேர வேண்டிய கடன் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். இந்த மூன்றையும் ஒருங்கே சொல்லும் தெளிவு அன்று நமக்கு இல்லை.

வண்டி புறப்படும் நேரத்தில் அவர் மீண்டும் வந்தார். பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த சான்றிதழை எடுத்து, கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு வரியைக் காட்டி, படித்துச் சொல்லும்படி கேட்டார். மறு ஆய்வுக்குரிய தேதி அது. சொன்னோம். விரல்களில் மாதங்களை எண்ணிப் பார்த்தார். “அது பலாக்காய் இறங்குற நேரமாச்சே பாய்” என்றார். உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பட்டி இருந்த திசையில் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்.